சிகரமும் சிவிகையும்

மலையேற்றத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மலையேறியவர்களே. ஏற்றிவிட்டவர்கள் எழுதுவதில்லை. ஏறியவரின் மூச்சிரைப்பும் வியர்வையும், உச்சியில் நின்று அவர் கண்ட காட்சியும் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. அவருடைய மூட்டையைத் தூக்கியவரும், சில வேளைகளில் அவரையே தூக்கியவரும், அந்த ஏடுகளின் ஓரத்தில் இடம்பெறுவதும் அரிது. இக்கட்டுரை ஒரு மலையைப் பற்றியது. அதனினும் மிகுதியாக ஒரு வினாவைப் பற்றியது. பிறர் தோள்மீது அமர்ந்து உயரம் அடைவது அறமாகுமா? ஆகாதெனின், அவ்வாறு அமராமல் வாழ்வோர் நம்மில் எவர்?

இவ்வினா எங்களுக்குத் தற்செயலாக எழுந்ததன்று. தன்பாத்திலும் பொகாரோவிலும் அவற்றைச் சூழ்ந்த நிலக்கரி நாட்டுக் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒருவர் இல்லத்தில் கூடிக் குறள் பயில்வது வழக்கம். அறன் வலியுறுத்தல் என்னும் அதிகாரத்திற்கு வந்தபோது, சிவிகையைச் சுமப்பவனையும் அதன்மேல் ஊர்பவனையும் ஒருசேர நிறுத்திக் காட்டும் குறளில் எங்கள் வகுப்பு நகராமல் நின்றுவிட்டது. பரிமேலழகர் அதற்குக் கூறும் உரை நாம் அறிந்ததே. அறத்தின் பயன் இன்னதென்று நூல்களைக் கொண்டு உணர்த்த வேண்டுவதில்லை. சுமப்பவனையும் ஊர்பவனையும் கண்ட அளவிலேயே அது விளங்கும் என்பார் அவர். முன்செய்த அறம் ஒருவனை மேலே அமர்த்தியது. செய்யாமை மற்றொருவனைக் கீழே நிறுத்தியது என்பது அதன் உட்கிடை. பிற்காலத்தில் இக்குறளுக்கு நேர்மாறாகப் பொருள் கண்டோரும் உளர். இவ்விருவரின் வேறுபாட்டைச் சுட்டி, இதுதான் அறம் வகுத்த நெறி என்று எவரும் சொல்லற்க என்று வள்ளுவர் தடுக்கின்றார் என்பது அவர்தம் கொள்கை.

ஓர் உரை ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் கற்பிக்கிறது; மற்றோர் உரை அந்தக் காரணத்தையே மறுக்கிறது. எங்கள் வகுப்பும் இரண்டாகப் பிரிந்தது. இலக்கணம் பேசினோம், ஊழ் பேசினோம், பொருளியலும் பேசினோம். மூன்று ஞாயிறுகள் கழிந்தன. எங்கள் அன்னையார் ஓரமாக அமர்ந்து இரு சாராரையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வளவு பேசிய எங்களுள் ஒருவரும் சிவிகையில் ஊர்ந்ததுமில்லை, சிவிகை சுமந்ததுமில்லை.

அடுத்த மாசித் திங்களின் தொடக்கத்தில், நான்கு குடும்பங்கள் சேர்ந்து பாரசநாத் மலைக்குச் செல்வதென முடிவு செய்தோம்.

பாரசநாத் மலை ஜார்க்கண்ட் மாநிலத்துக் கிரிடீ மாவட்டத்தில் உள்ளது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் வரை அப்பகுதி பீகாரைச் சேர்ந்திருந்தது. மலையின் உயரம் 1,365 மீட்டர். அம்மாநிலத்தின் மலைகளுள் இதுவே மிக உயர்ந்தது. வடக்கே பராகர் ஆறும் தெற்கே தாமோதர் ஆறும் ஓட, இரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் தனியே எழுந்து நிற்கிறது. சமணர்க்கு இது சம்மேத சிகரம். தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் இருபதின்மர் வீடுபேறு அடைந்த இடம் என்று அவர்கள் இதனைப் போற்றுகின்றனர். இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் பெயரே மலைக்கும் வழங்குகிறது. சீவக சிந்தாமணியைத் தந்த திருத்தக்க தேவரைத் தம் புலவராகப் போற்றும் தமிழர்க்கும், கழுகுமலைப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டவர்க்கும் இம்மலை முற்றும் அயலானதன்று.

தன்பாத்திலிருந்து கயை செல்லும் இருப்புப்பாதையில் ஒரு மணி நேரப் பயணத்தில் பாரசநாத் நிலையம் வருகிறது. அங்கிருந்து மலையடிவாரத்து ஊராகிய மதுபனுக்குச் சாலைவழி செல்ல வேண்டும். அச்சாலையில் நாங்கள் முதலிற் கண்டது மலையையன்று, மிதிவண்டிகளை. ஒவ்வொரு மிதிவண்டியிலும் இருபுறமும் நடுவிலுமாக நிலக்கரி மூட்டைகள் கட்டப்பட்டிருந்தன. ஏறி மிதிக்க இயலாத அவ்வண்டிகளைக் கைப்பிடியில் ஒரு கையும் இருக்கையில் ஒரு கையும் வைத்து மனிதர்கள் தள்ளிச் சென்றனர். மேட்டில் ஒருவர் தள்ள மற்றவர் இழுத்தார். நிலக்கரி நாட்டில் வாழும் நமக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. நாள்தோறும் காண்பதால் காணாமற் போன காட்சி என்றும் சொல்லலாம். எங்கள் வண்டி ஒலி எழுப்பி அவர்களை ஓரம் ஒதுக்கிவிட்டு முன்னே சென்றது.

மதுபனில் அன்று மாலை டோலிக்காரர்களிடம் பேசினோம். சபரிமலையில் டோலி கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூங்கில் தண்டில் பொருத்திய சிறிய இருக்கை. எடை குறைந்தவரை இருவர் சுமப்பர், எடை மிகுந்தவரை நால்வர் சுமப்பர். கூலி எடையைப் பொறுத்தது. ஆதலின் ஏறுபவரைத் தராசில் நிறுத்துப் பார்க்கின்றனர். எங்கள் அன்னையார்க்கு அப்போது வயது எழுபத்து நான்கு, மூட்டுவலி. அவர் தராசில் ஏறி நின்றபோது முள் 48 கிலோவைக் காட்டியது. "காய்கறி போல என்னையும் நிறுத்துவிட்டீர்களே" என்று சிரித்தார். ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை.

அப்போது நாங்கள் செய்த ஒரு செயலை இங்கு மறைத்தல் ஆகாது. டோலிக்காரர் கேட்ட கூலியில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடினோம். சந்தையில் பேரம் பேசிப் பழகிய நாவு அது. 'இவ்வளவு மெலிந்த அம்மையாரைத் தூக்க இத்தனை ரூபாயா' என்று கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், பின்னர் இசைந்தனர். பேரத்தில் வென்ற மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றோம். குறள் வகுப்பில் ஊழை மறுத்துப் பேசியவர்களே பேரத்தில் முன்னின்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

பின்னிரவு மூன்று மணிக்கு மலையேறத் தொடங்கினோம். ஏறுவதற்கு ஒன்பது கிலோமீட்டர், மேலே கோயில்களைச் சுற்றி வர ஒன்பது, இறங்க ஒன்பது என இருபத்தேழு கிலோமீட்டர் என்பது அங்கு வழங்கும் கணக்கு. செருப்பணியாது, உண்ணா நோன்போடு ஏறும் சமண முதியோர் பலரைக் கண்டோம். கைவிளக்குகள் காட்டினூடே ஒரு வரிசையாக மேலே சென்றன. வழியின் இருபுறமும் சால மரங்கள். கம்பர் தம் காப்பியத்தில் மராமரம் என்றது இதனையே என்பர். இதன் பிசினைத்தான் நம் வீடுகளில் குங்கிலியம் எனப் புகைக்கிறோம். இருளில் மரத்தைக் காணவில்லை. காலடியில் காய்ந்த இலை நொறுங்கும் ஓசையால் அறிந்தோம். மேலே செல்லச் செல்லக் காற்றில் ஈரம் மிகுந்தது. கீழ்ச்சரிவின் வறண்ட காடு பின்தங்கி, பசுமை மாறாத செடிகொடிகள் அடர்ந்தன.

தாவர நூலறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர் இமயத்தை நோக்கிச் செல்லும் வழியில் 1848-ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறினார். 1860-களில் ஆங்கிலேயர் தம் படைவீரர் உடல்நலம் தேறுவதற்கென இங்குக் கட்டடங்கள் எழுப்பி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டனர். அக்கட்டடங்களைப் பற்றிய குறிப்புகள் அரசு ஏடுகளில் உள்ளன. அவற்றின் செங்கல்லும் சுண்ணாம்பும் தாமாகவே மலையேறியிரா அன்றோ?

டோலி எங்களுக்குச் சற்று முன்னே சென்றது. சுமப்போர் இருவரும் எங்களைப் போல நடக்கவில்லை. குறுகிய அடிகளாக, ஒரே சீராக, ஏறத்தாழ ஓட்டமும் நடையுமாகச் சென்றனர். முன்னவர் குழியையோ படியையோ கண்டால் ஒரு சிறு சொல் சொல்வார். பின்னவர் அதற்கேற்பத் தோளைத் திருத்திக்கொள்வார். இளைப்பாற நிற்கும்போது, கையிலுள்ள தடியைத் தண்டுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்துவர்.

நீரோடையைக் கடந்து செங்குத்தான படிகள் தொடங்கிய இடத்தில், எங்கள் கைவிளக்கின் ஒளி முன்னவர் கழுத்தில் விழுந்தது. அந்தக் குளிரிலும் கழுத்து முழுதும் வியர்வை. தண்டு அழுத்திய இடத்தில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. அன்னையார் அதனைக் கண்டார். உடனே, "நிறுத்தச் சொல்லுங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன்" என்றார். எங்களுக்கு உள்ளூரப் பெருமை. இப்படிப்பட்ட அன்னையின் மக்களாயிற்றே! அவர் சொன்னதை இந்தியில் கூறினோம். அவர்கள் டோலியை இறக்கினர். அன்னையார் இருபது படிகள் ஏறினார்; மூட்டைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார்; மீண்டும் டோலியில் ஏற்றப்பட்டார். சற்று தொலைவு சென்றதும் மீண்டும் இறங்கினார். இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது.

நான்காம் முறை அவர் இறங்க முற்பட்டபோது, சுமப்போருள் மூத்தவர் தயங்கித் தயங்கி வாய் திறந்தார். "மாதாஜி, உங்கள் நல்ல மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இறக்குவதும் மறுபடி தூக்குவதும்தான் எங்களுக்குப் பெரும்பாடு. நடையின் ஓட்டத்தில் பாரம் அவ்வளவாகத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து தூக்கும்போதுதான் இடுப்பு முறிகிறது. நீங்கள் நடுவில் அசையாமல் உட்கார்ந்து தண்டைப் பிடித்துக்கொண்டால், அதுவே எங்களுக்குச் செய்யும் உதவி" என்றார்.

அன்னையார் அமர்ந்துகொண்டார். சிறிது நேரம் கழித்து, எங்களை நோக்கித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு மனம் கேட்கவில்லை என்றுதான் இறங்கினேன். அவர்கள் முதுகு என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லையே."

இச்சொல் எங்களை அன்று முழுதும் விடவில்லை. இரக்கம் நல்லதே. ஆயினும் நாம் காட்டும் இரக்கங்களுள் பல, பிறர் நோயைத் தணிப்பதற்கன்று, அதைக் காணும் நம் நோயைத் தணிப்பதற்கே எழுகின்றன. பிறர் வியர்வையைக் காணும்போது நமக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது. அக்கூச்சத்தை எவ்வாறேனும் களைந்துவிட விரும்புகிறோம். இறங்கி நடந்தால் கூச்சம் நீங்குகிறது. சுமப்பவரின் இடுப்போ மும்முறை முறிகிறது. முதல்நாள் மாலை இருநூறு ரூபாய் குறைத்தோமே, அப்போது இக்கூச்சம் எங்கே ஒளிந்திருந்தது? வியர்வையைக் கண்டு கலங்கும் உள்ளம், கூலியைக் குறைக்கும்போது கலங்காதிருப்பதன் காரணம் என்ன? வியர்வை கண்ணுக்குத் தெரிகிறது. குறைந்த கூலியால் ஒரு வீட்டில் என்ன குறைகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த துன்பத்திற்கு மட்டும் இரங்குவது அறத்தின் தொடக்கமாகலாம், அதன் நிறைவாகாது.

விடியும் வேளையில் மலைமுகட்டை அடைந்தோம். முகடு நெடுகிலும் சிறுசிறு கோயில்கள். அவற்றுள் திருவடிச் சுவடுகள். இடையே நீர் சூழ்ந்த கோயில் ஒன்று. அனைத்திலும் உயர்ந்த உச்சியில் பார்சுவநாதர்க்குரிய வெண்ணிறக் கோயில். அதன் அருகில் நின்று நாற்புறமும் நோக்கினோம். கீழே பல மடிப்புகளாகக் காடு. தெற்கே பெருவழிச்சாலை ஒரு கோடாகத் தெரிந்தது. அதன்மேல் சுமையுந்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. இருப்புப்பாதையில் நிலக்கரி வண்டித்தொடர் ஒன்று முடிவேயின்றி நீண்டு சென்றது. தோப்சாஞ்சி நீர்த்தேக்கம் பனிமூட்டத்திடையே ஒரு தகடு போல ஒளிர்ந்தது. ஜரியா நிலக்கரிப் பகுதிக்குக் குடிநீர் தருவதற்கென அமைத்த நீர்த்தேக்கம் அது. அதற்கும் அப்பால் புகை. அப்புகைக்கு அடியில்தான் நம் வீடுகள்.

அங்கிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிந்தது. அன்னையார் டோலியில் ஏறியது அன்று ஒருநாள். நாங்களோ நாள்தோறும் ஏறியே வாழ்கிறோம். கீழே நிலத்தின் வயிற்றுக்குள் இறங்குகின்றவர், மிதிவண்டியில் மூட்டை தள்ளுகின்றவர், விடியுமுன் காட்டுள் புகுந்து சால இலையும் விறகும் கட்டித் தலையில் சுமந்து வரும் பெண்டிர் ஆகிய இவர்கள் தோள்மீதுதான் நம் குடியிருப்பின் விளக்கும், மின்விசிறியும், ஊதியமும் அமர்ந்திருக்கின்றன. இந்நாட்டு நிலக்கரியால் எரியும் விளக்குகள் பல. அவ்விளக்குகளில் குறளும் படிக்கப்படுகிறது. தண்டு நீளமாக இருப்பதால், சுமப்பவர் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

கோயிலில் வழிபட்டு வெளிவந்தபோது, டோலிக்காரர் இருவரும் ஒரு பாறையருகே வெயிலில் அமர்ந்திருந்தனர். அவர்கள் சந்தால் குடியினர். உள்ளே வரவில்லையா என்று வினவினோம். மூத்தவர் கையை நீட்டி மலை முழுவதையும் காட்டி, "இது எங்களுக்கு மராங் புரு" என்றார். மராங் என்றால் பெரியது. புரு என்றால் மலை. மராங் புரு சந்தாலர் வணங்கும் முதற்பெருந்தெய்வத்தின் பெயருமாகும். சமணர்க்கு உச்சியில் திருவடி. சந்தாலர்க்கோ மலை முழுதுமே தெய்வம். தம் தெய்வத்தின் மேனிமீது, பிறருடைய தெய்வத்தைக் காணச் செல்வோரைத் தோளில் ஏற்றிச் செல்வது அவர்தம் பிழைப்பு.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இம்மலைக் காட்டைச் சூழ்ந்த பகுதியைச் சூழல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அவ்வறிவிப்பில் சுற்றுலாவிற்கு இடமளித்த பகுதிகள் மலையின் தூய்மையைக் கெடுக்கும் என்று 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சமணர்கள் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தனர். 2023 ஜனவரி 5 அன்று அப்பகுதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில், இது எங்கள் மராங் புரு, எங்கள் வழிபாட்டுரிமையை மறவாதீர் என்று சந்தால் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். இருவர் உரிமையையும் எடைபோடும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மலை எவருடையது என்று பேசும் ஒவ்வொரு நாளும், ஒருவர் தோள்மீது மற்றவர் ஏறிக்கொண்டுதான் இருந்தார். அவ்வளவு நெருக்கம் இருந்தும், ஒருவர் வணங்குவது இன்னதென்று மற்றவர் கேட்டறிய எத்தனை பயணங்கள் தேவைப்பட்டன!

இனி வினாவிற்கு வருவோம். பிறர் தோளில் ஊர்வது அறமா என்ற வினாவிற்கு மூன்று விடைகள் கூறப்படுகின்றன.

முதல் விடை, அது அவரவர் ஊழ் என்பது. இவ்விடை ஊர்பவர்க்கு மிக வசதியானது. ஆனால் ஊழைச் சொல்லும் உரிமை எவர்க்கு உண்டு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தன் துன்பத்தைத் தாங்குவதற்குச் சுமப்பவன் ஊழை நினைக்கலாம். அது அவனுக்கு ஊன்றுகோல். தன் இன்பத்தை நிலைநாட்ட ஊர்பவன் அதனையே சொன்னால், அது அவன் கையில் சாட்டையாகிவிடும்.

இரண்டாம் விடை, கூலி கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்பது. இதில் உண்மை உண்டு. கூலியைக் கொடாதவனைவிடக் கொடுப்பவன் மேலானவன். ஆயினும் கூலியை முடிவு செய்யும்போது இருவரும் ஒரே தளத்தில் நின்றனரா என்று பார்த்தல் வேண்டும். எங்களுக்கு டோலி இல்லையெனில் ஒரு பயணம் தள்ளிப்போகும். அவர்க்கு நாங்கள் இல்லையெனில் அன்றைய அடுப்பு தள்ளிப்போகும். இத்தகைய இருவரிடையே நிகழும் பேரத்தில் வெற்றி என்று ஒன்று உண்டோ?

மூன்றாம் விடை, இத்தகைய தொழிலையே சட்டத்தால் ஒழித்துவிட வேண்டும் என்பது. மனிதனை மனிதன் சுமக்கும் காட்சி நாட்டிற்கே நாணம் தருவது என்னும் உணர்விலிருந்து எழும் விடை இது, மதிக்கத்தக்கது. கொல்கத்தாவில் கை ரிக்ஷாவை நீக்குவதற்காக 2006-ஆம் ஆண்டில் மேற்கு வங்கச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. அதன் பின்னரும் அவ்வண்டிகள் அந்நகரத் தெருக்களில் நெடுங்காலம் ஓடின. இழுத்தவர்க்கு வேறு வழி திறவாமல் வண்டியை மட்டும் நிறுத்த இயலவில்லை. மகாராட்டிரத்து மலையூராகிய மாத்தேரானில் மனிதர் இழுக்கும் ரிக்ஷாக்களை ஆறு மாதங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணையில் நாம் கருதத்தக்கது, இழுத்தவர்க்கே மின்கல ரிக்ஷாக்கள் கிடைக்க வழிசெய்யுமாறும் அது கூறியதுதான். சுமை இறங்கவேண்டும், ஆனால் சுமப்பவர் வாழ்வும் அதனோடு சேர்ந்து இறங்கிவிடலாகாது. எங்கள் அன்னையார் படிகளில் கற்ற பாடமும் இதுவே.

இம்மூன்று விடைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மூன்றும் சுமப்பவரைக் கேளாமலே கூறப்படுபவை. நம் மரபில் ஓர் நிகழ்ச்சி இதற்கு ஒளி தருகிறது. பெரியபுராணம் கூறும் வரலாறு அது. திருஞானசம்பந்தர் சிவிகையில் திருப்பூந்துருத்தியை நெருங்கி வருகிறார். முதியவரான திருநாவுக்கரசர் அடியார் கூட்டத்தில் ஒருவராகக் கலந்து, எவரும் அறியாமல் அச்சிவிகையைத் தம் தோளில் தாங்குகிறார். அப்பர் எங்குள்ளார் என்று சம்பந்தர் வினவ, இதோ கீழே தாங்கி வருகிறேன் என்று விடை வருகிறது. கேட்ட அளவில் சம்பந்தர் பதறிச் சிவிகையினின்றும் இறங்கிவிடுகிறார். இதனை நாம் அடியார் பெருமைக்குச் சான்றாகப் படித்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கும்போது இதற்கு மற்றொரு பொருளும் தோன்றியது. தம்மைத் தாங்குவோர் அனைவரையும் விட்டு, அப்பர் என்று அறிந்ததும்தான் அவர் இறங்கினார் என்றால், அறியாத வரையில் எவர் தோளும் நமக்குத் தோளாகத் தோன்றுவதில்லை என்பதே அதன் பொருள். அடியில் இருப்பவர் யார் என்னும் வினா எழுந்த கணத்திலேயே சிவிகை நிலை தளர்கிறது. அவ்வினா எழாமல் காப்பதற்குத்தான் ஊழும், கூலியும், சில வேளைகளில் சட்டமும் நமக்குப் பயன்படுகின்றன.

ஆகவே எங்களுக்குத் தோன்றிய முடிவு இது. முதியவரும் நோயுற்றவரும் பிறர் தோளை நாடுவது குற்றமன்று. தாய் தோளில் தொடங்கி நால்வர் தோளில் முடியும் வாழ்வில், சுமக்கப்படாதவர் எவருமில்லை. யார் சுமக்கிறார் என்று அறியாதிருப்பதும், அறிந்தபின் அவரைக் கேளாமல் நாமே அவர்க்கு நன்மை வகுப்பதும், அவர் கூலியில் கை வைப்பதுமே குற்றம். சுமையின் முறையை மாற்றவேண்டும் என்றாலும், அம்மாற்றத்தின் முதற்சொல் சுமப்பவர் வாயிலிருந்து வரவேண்டும்.

இறக்கம் ஏற்றத்தினும் கடியது. எங்கள் இளைஞர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மதுபனை அடையும்போது பிற்பகல் மூன்று மணி. அன்னையார் முன்னரே வந்து சேர்ந்து, டோலிக்காரரோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவர்கள் பெயர், ஊர், பிள்ளைகள் அனைத்தையும் கேட்டறிந்துவிட்டார். அப்பெயர்களை அவர்கள் இசைவின்றி இங்கு அச்சிடுதல் முறையன்று. அவர்களும் அவரைக் கேட்டிருக்கின்றனர். உங்கள் ஊர் எது? திருநெல்வேலிப் பக்கம். அங்கே மலை உண்டா? உண்டு, பொதிகை. "உங்கள் மலைகளில் யார் சுமக்கிறார்கள்?"

இந்த இறுதி வினாவிற்கு அன்னையார் உடனே விடை சொல்லவில்லையாம். விடை எங்களுக்குத் தெரியும். கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை அமையுமுன் அங்குச் சென்ற துரைமார்களைச் சுமந்து ஏற்றியவர் நம்மவரே. கடல் கடந்து சென்று இலங்கை மலைநாட்டுச் சரிவுகளில் முதுகில் கூடை சுமந்தவர் நம்மவரே. இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிலர் இருக்கை மாறி அமர்ந்தோம். அந்த மாற்றத்தை அறத்தின் பயன் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் துணிவு உண்டா?

முதல்நாள் குறைத்த இருநூறு ரூபாயையும் அதற்கு மேலும் சேர்த்துக் கொடுத்தோம். மூத்தவர் அதை எண்ணினார், மடியில் வைத்துக்கொண்டார். நெகிழ்ந்து பேசுவார் என்று எதிர்பார்த்த எங்கள் உள்ளத்தின் சிறுமை அப்போது எங்களுக்கே புலப்பட்டது. அவர் கேட்டது ஒன்றே: "நாளைக்கு உங்கள் கூட்டத்தில் ஏறுபவர் யாரேனும் உண்டா?" இல்லை என்றோம். தலையசைத்துவிட்டு, டோலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்து வந்த பேருந்தை நோக்கி இருவரும் விரைந்தனர்.

அடுத்த ஞாயிறு குறள் வகுப்பு மீண்டும் கூடியது. விட்ட இடத்திலிருந்து வாதம் தொடங்கிற்று. பரிமேலழகர் ஒருபுறம், அவரை மறுப்போர் மறுபுறம். நெடுநேரம் கேட்டிருந்த அன்னையார் அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தார். "அதை எழுதியவர் சிவிகையில் போகிறவரும் இல்லை, தூக்குகிறவரும் இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் நடந்து போயிருக்கிறார். அதனால்தான் இரண்டு பேர் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதை உரை என்று ஏற்கலாமா என்பதைப் புலவர்கள் முடிவு செய்வார்களாக. எங்கள் குழு ஒரு முடிவு மட்டும் செய்தது. இனி எம்மலைக்குச் சென்றாலும், டோலியோ சுமைக்கூலியோ தேவைப்படின், அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசுவதில்லை. எப்போது நிற்பது, எப்போது இறக்குவது என்பதை அவர்களே சொல்வார்கள். நடக்க வல்லவர்கள் டோலிக்கு முன்னேயும் பின்னேயும் அன்றி, அதன் பக்கத்தில் நடப்பார்கள். வரும் மாசியில் மீண்டும் பாரசநாத் செல்ல எண்ணியுள்ளோம். அன்னையார் வரமாட்டார், மூட்டுவலி மிகுந்துவிட்டது. டோலிக்காரர் இருவரையும் தேடிப்பிடித்து, அவர்கள் கேட்ட வினாவிற்குத் தம் விடையைச் சொல்லிவிட்டு வருமாறு எங்களைப் பணித்திருக்கிறார்.